பழைய வீட்டைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? நான்கு கணக்குகள், ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டின் நகரங்களில் 1980-களிலும் 1990-களிலும் கட்டப்பட்ட தனி வீடுகள் பலவும் இப்போது பெரிய மராமத்துக்கு வந்து நிற்கின்றன. தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சுவருக்குள் புதைத்த ஜி.ஐ. குழாய் துருப்பிடித்து, காலையில் திறக்கும் முதல் தண்ணீர் செம்பழுப்பாக வருகிறது. அறைக்கு ஒரு மின்விசிறி, ஒரு குழல்விளக்கு என்ற கணக்கில் இழுத்த ஒயரிங், மூன்று ஏ.சி.யையும் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பையும் தாங்க முடியாமல் சூடேறுகிறது. இந்த நிலையில் வீட்டுக்காரர் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்: மொத்தம் எவ்வளவு ஆகும்? மேஸ்திரி ஒரு தொகை சொல்வார், பொறியாளர் வேறொன்று சொல்வார், போன வருடம் வீட்டைப் புதுப்பித்த சித்தப்பா மூன்றாவதாக ஒன்று சொல்வார். அவர்களில் யாரும் ஏமாற்ற நினைப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு கணக்கு முறையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

நடைமுறையில் இருக்கும் முறைகள் நான்கு: சதுர அடிக் கணக்கு, மொத்தத் தொகைக்குப் பேசும் கான்ட்ராக்ட், வேலைவாரியாக அளவெடுத்து விலை போடும் எஸ்டிமேட், பொருளை நாமே வாங்கிக்கொடுத்து கூலிக்கு மட்டும் ஆள் வைக்கும் முறை. இவற்றில் எது மலிவு என்று பார்ப்பதைவிட, எந்த முறை வீட்டின் எந்தப் பகுதியைச் சரியாகக் கணிக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். பழைய வீட்டில் கண்ணுக்குத் தெரியும் வேலை, உடைத்தால் மட்டுமே தெரியும் வேலை என்று இரண்டு வகை உண்டு; இவ்விரண்டையும் ஒரே முறையில் கணக்கிடுவதால்தான் பெரும்பாலான எஸ்டிமேட்டுகள் பாதி வழியில் பொய்த்துப் போகின்றன என்பது என் கருத்து.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் எஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இங்கே சேர்க்கவில்லை. தேக்கு விட்டமும் சுண்ணாம்புக் கலவையும் கொண்ட அந்த வீடுகளுக்கு ஆளும் வேறு, பொருளும் வேறு, கணக்கும் வேறு. கீழே சொல்வதெல்லாம் கான்கிரீட் தளம் போட்ட வீடுகளுக்கு.

சதுர அடிக் கணக்கு

புது வீடு கட்டும்போது சதுர அடிக்கு இவ்வளவு, சதுரத்துக்கு (100 சதுர அடிக்கு) இவ்வளவு என்று பேசுவதில் நியாயம் உண்டு. அஸ்திவாரம் முதல் பெயிண்ட் வரை எல்லாமே புதிதாக வருவதால், 1,000 சதுர அடி வீட்டுக்கும் 1,200 சதுர அடி வீட்டுக்கும் சிமெண்ட், கம்பி, கூலி ஆகியவற்றின் விகிதம் அதிகம் மாறுவதில்லை. பழைய வீட்டில் அந்த விகிதமே இல்லை. ஒரே தெருவில், ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு 1,200 சதுர அடி வீடுகளை எடுத்துக்கொண்டால், ஒன்றுக்குத் தரையும் பெயிண்டும் மாற்றினால் போதும். மற்றொன்றில் மூன்று குளியலறைகளையும் சுவர் வரை கொத்தி, குழாய் முழுவதையும் மாற்றி, மொட்டை மாடியின் தட்டோட்டைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். பரப்பு ஒன்றே என்பதற்காகச் செலவு ஒன்றாகிவிடாது.

புதுப்பிப்பில் செலவைத் தீர்மானிப்பது தண்ணீர் புழங்கும் இடங்களின் எண்ணிக்கை: குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம், மொட்டை மாடி. 40 சதுர அடிக் குளியலறை ஒன்றில் உடைப்பு, குழாய், கழிவுநீர் இணைப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், சாதனங்கள், கீசருக்கான மின் இணைப்பு என எட்டு வேலைகள் குவிகின்றன. 150 சதுர அடிப் படுக்கையறையில் தரையும் பெயிண்டும் ஒயரிங்கும் மட்டுமே. சதுர அடிக் கணக்கு இவ்விரண்டு அறைகளையும் ஒரே விலையில் வைத்துப் பார்க்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. எந்தச் சதுர அடி என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. போர்ட்டிகோ சேருமா, மாடிப்படி அறை சேருமா, அரைக் கணக்கா முழுக் கணக்கா, சுவரின் கனத்தையும் சேர்த்த பரப்பா, உள்ளளவா என்பதைப் பொறுத்து அதே வீடு வேறு வேறு பரப்பாக மாறிவிடும். ஆகவே இந்த முறை ஒரே ஒரு வேலைக்குத்தான் உதவும். அதே வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன ஆகும் என்ற எல்லைத் தொகையைத் தெரிந்துகொண்டு, அதோடு மராமத்துச் செலவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

மொத்தத் தொகைக்குப் பேசுவது

வீட்டுக்காரருக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். ஒரு தொகை, ஒரு ஆள், ஒரு பொறுப்பு. கான்ட்ராக்ட்காரர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, சுவரை இரண்டு இடத்தில் தட்டி, ஒரே தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பதே பின்னால் செலவு வைக்கும்.

எடுத்துக்காட்டாக, "தரை டைல்ஸ் மாற்றுதல்" என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பழைய மொசைக்கையும் அதன் அடியில் இருக்கும் கலவையையும் சேர்த்து 3 அங்குலம் பெயர்க்க வேண்டியிருந்தால், 1,000 சதுர அடித் தரையிலிருந்து 250 கன அடி கழிவு வரும். உடைத்த கழிவு கட்டியாக இருந்த அளவில் அடங்காது. சுமார் ஒன்றரை மடங்காக உப்பி, 375 கன அடியாகிவிடும். 100 கன அடி ஒரு யூனிட் என்றால், ஏறக்குறைய 4 யூனிட் ரப்பிஷ். அதைச் சாக்கில் அள்ளி, மாடியாக இருந்தால் படியிறக்கி, வாசலில் குவித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தெருவுக்குள் லாரி வராது என்றால் சின்ன வண்டியில் இரண்டு முறை கைமாற்ற வேண்டும். அந்த ஒற்றை வரியில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால், "அது தனிங்க" என்ற பதிலே பெரும்பாலும் வரும்.

பெயர்க்காமல் பழைய தரையின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பது மாற்று யோசனை. கழிவு மிச்சம், நாளும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் தரை மட்டம் முக்கால் அங்குலம்வரை ஏறும். அதனால் எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டும், இரும்புக் கதவானால் வெட்டிப் பற்றவைக்க வேண்டும், மாடிப்படியின் முதல் படி குட்டையாகும், பால்கனியின் தண்ணீர் வழியும் சரிவை மறுபடி பார்க்க வேண்டும். மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி ஆசாரிக்கும் வெல்டருக்கும் போகும். இந்தச் சங்கிலியை முன்கூட்டியே எழுதிவைக்கும் கொட்டேஷன் அபூர்வம்.

பொருளின் தரம் பற்றிய வரிகளிலும் இதே சிக்கல்தான். "நல்ல கம்பெனி டைல்ஸ்", "பிராண்டட் ஃபிட்டிங்ஸ்" என்பவை விலை சொல்லும் சொற்கள் அல்ல. டைல்ஸுக்குச் சதுர அடி அடிப்படை விலை, குழாய்க்குக் கம்பெனியும் வகையும், ஒயருக்கு அளவும் தரமும் எழுதப்படாத மொத்தத் தொகை, கடைக்குப் போகும் நாளில் உடைந்துவிடும். வரியையும் மறக்கக் கூடாது. பொருளும் கூலியும் சேர்ந்த புதுப்பிப்பு ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. 15 லட்ச ரூபாய்க்குப் பேசிவிட்டு, பில் வரும்போது அதற்குமேல் 2 லட்சத்து 70 ஆயிரம் என்றால் கணக்கே மாறிவிடும். தொகை வரி உட்படவா, வரி நீங்கலாகவா என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்க வேண்டும். சிமெண்டின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், அதற்கு முன் போட்ட எஸ்டிமேட்டை அப்படியே வைத்துப் பேசுபவரிடம் சிமெண்ட் விலையைத் திருத்திக் கேட்பதும் நியாயமே.

இதனால் மொத்தத் தொகை முறையே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாடுலர் கிச்சன், யு.பி.வி.சி. ஜன்னல், ஃபால்ஸ் சீலிங், வெளிச்சுவர் பெயிண்ட் போன்றவற்றுக்கு அதுவே வசதியானது. அவற்றில் உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகம் இல்லை. பழைய தளம், பழைய குழாய், பழைய ஒயரிங் ஆகியவற்றை மொத்தத் தொகைக்குள் அடக்கும்போதுதான் ஆபத்து. அனுபவமுள்ள கான்ட்ராக்ட்காரர் தெரியாததற்கும் சேர்த்துத் தொகையை ஏற்றிவைப்பார். உள்ளே ஒன்றும் இல்லை என்றாலும் அந்தப் பணம் திரும்பி வராது. வேலை பிடிப்பதில் அவசரம் காட்டுபவர் குறைத்துச் சொல்லிவிட்டு, தளத்தைப் பாதி கொத்திய நிலையில், வீட்டுச் சாமான் எல்லாம் வாடகை வீட்டில் இருக்கும் நேரத்தில், "எக்ஸ்ட்ரா" என்று வந்து நிற்பார். அந்த நேரத்தில் பேரம் பேசும் நிலையில் வீட்டுக்காரர் இருக்க மாட்டார்.

அளவெடுத்துப் போடும் எஸ்டிமேட்

சிவில் பொறியாளர் ஒருவர் வந்து அறை அறையாக அளவெடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் அளவு, அலகு, விலை, தொகை என்று நான்கு பத்திகளில் எழுதித் தருவது மூன்றாவது முறை. இதற்குக் கட்டணம் உண்டு என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். பெரிய மராமத்தில் இதைத் தவிர்ப்பது சிக்கனமாகாது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த முறையில் முதலில் தீர்க்க வேண்டியது எப்படி அளப்பது என்பது. கட்டட வேலைகளை அளப்பதற்கென்று இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1200 என்ற தரநிலை இருக்கிறது. பூச்சு வேலையில் கதவு, ஜன்னல் திறப்புகளை எப்படிக் கழிப்பது என்று அதில் தெளிவாக இருக்கிறது: அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை, அரை முதல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும், அதற்குமேல் போனால் இரு பக்கமும் கழித்துவிட்டு, திறப்பின் ஓரப் பூச்சைத் தனியே கூட்ட வேண்டும். வீட்டு வேலையில் பல மேஸ்திரிகள் எதையும் கழிக்காமல் "ஃபுல்லா" அளப்பார்கள். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. 3-க்கு 7 அடிக் கதவு ஒன்றும் 4-க்கு 4 அடி ஜன்னல் இரண்டும் சேர்ந்து 53 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 12 விழுக்காடு. விலையில் ஒரு ரூபாய்க்காக அரை மணி நேரம் பேரம் பேசுபவர்கள், அளக்கும் விதத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

டைல்ஸ் அளவிலும் இப்படி ஒரு நழுவல் உண்டு. 2-க்கு 2 என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லி மீட்டர். 2 அடி என்பது 609.6 மில்லி மீட்டர். நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டி 16 சதுர அடி என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள், ஆனால் அது 15.5 சதுர அடிதான். 1,000 சதுர அடித் தரைக்கு 16 என்று வகுத்தால் 63 பெட்டி. வெட்டுச் சேதாரத்துக்கு 8 விழுக்காடு சேர்த்து 15.5-ஆல் வகுத்தால் 70 பெட்டி. ஏழு பெட்டியின் விலை ஒருபுறம் இருக்கட்டும். குறைந்துபோனதை இரண்டு மாதம் கழித்து வாங்கப் போனால் அதே பேட்ச் கிடைக்காது. நிறம் ஒரு சாயல் மாறி, கூடத்தின் ஒரு மூலை மட்டும் தனியாகத் தெரியும்.

விலைப் பத்தியை நிரப்பப் பொதுப்பணித் துறை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வெளியிடும் விலை விகிதப் பட்டியல் ஓர் ஒப்பீட்டுத் துணையாக இருக்கும். அந்த விலைக்குத் தனியார் ஆள் வேலை செய்ய வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. சிறு வீட்டின் உடைசல் வேலைக்கு எப்போதும் கூடுதலாகத்தான் கேட்பார்கள். ஆனாலும் ஒரு வேலைக்கும் மற்றொரு வேலைக்கும் இடையிலான விகிதம் அதில் தெரியும். எல்லா விலையும் பட்டியலைவிடக் கால்பங்கு கூடுதலாக இருந்து, உடைப்பு வேலை மட்டும் இரு மடங்காக இருந்தால், கேட்க வேண்டிய இடம் அது. முதலில் முடியும் வேலைகளுக்கு விலையை ஏற்றி, கடைசியில் வரும் வேலைகளுக்குக் குறைத்துப் போட்டு, பணத்தை முன்னதாகவே எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இந்தத் தொழிலில் இருக்கிறது.

மூன்று பேரிடம் விலை கேட்பது என்றால், மூவருக்கும் விலைப் பத்தி காலியாக உள்ள ஒரே பட்டியலைக் கொடுக்க வேண்டும். அவரவர் தாளில் அவரவர் போக்கில் எழுதிய மூன்று தொகைகளை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரே பட்டியலில் மூன்று விலைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மொத்தத்தை விட்டுவிட்டு, எந்த வரியில் விலைகள் அதிகம் விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த வரியில் மூவரும் மூன்று வேறு வேலைகளை நினைத்து விலை போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. வங்கிக் கடனுக்காகப் பொறியாளர் போட்டுத் தரும் எஸ்டிமேட்டும், செலவு செய்வதற்கான எஸ்டிமேட்டும் ஒன்றல்ல. முன்னது பெரும்பாலும் தேவைப்படும் கடன் தொகையிலிருந்து பின்னோக்கிப் போடப்படுவது. அதை வைத்து வேலையைத் தொடங்கியவர்கள் பாதியில் நிற்பதில் வியப்பில்லை. கடன் வாங்குவோர் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளலாம்: குடியிருக்கும் சொந்த வீட்டின் பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் வாங்கும் கடனின் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு கிடைக்கும்; வீடு கட்டவோ வாங்கவோ எடுக்கும் கடனுக்கான 2 லட்ச ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது.

தளத்தின் அடியில் இருப்பது

அளவெடுத்துப் போடும் எஸ்டிமேட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மறைந்திருப்பதை அதுவும் அளக்க முடியாது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1978-ஆம் ஆண்டின் கான்கிரீட் தரநிலைப்படி தளத்தில் கம்பிக்குக் கீழே 15 மில்லி மீட்டர் மூடுகனம் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) போதும் என்றிருந்தது. 2000-இல் வந்த திருத்தம், சூழலின் கடுமையைப் பொறுத்து 20, 30, 45 மில்லி மீட்டர் என்று அதை உயர்த்தியது. பழைய வீடுகளில் அந்த 15-கூட எல்லா இடத்திலும் இருந்திருக்காது. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ உப்புக்காற்று முப்பது ஆண்டுகளாக அந்த மெல்லிய மூடலின் வழியே உள்ளே போயிருக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உப்பும்போது கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது.

கண்ணுக்குத் தெரிவது பெயர்ந்து விழுந்த பகுதி மட்டுமே. ஏணியில் ஏறி, சிறு சுத்தியலால் தளத்தின் அடியை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனால், திடமான இடத்தில் கல்லில் பட்டது போன்ற கூரிய ஒலியும், உள்ளே பிரிந்துவிட்ட இடத்தில் பொக்குச் சத்தமும் கேட்கும். பொக்கான எல்லையைச் சாக்பீஸால் வட்டமிட்டு வந்தால், பெயர்ந்தது 40 சதுர அடி என்று நினைத்திருந்த வீட்டில் வட்டங்களின் கூட்டுத்தொகை 100 சதுர அடியைத் தாண்டுவது அரிதல்ல. இன்னும் ஒரு படி போகலாம். புதிதாக உடைத்த கான்கிரீட்டின் முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை எஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் போய்விட்ட பகுதி நிறமில்லாமல் நிற்கும். நிறமில்லாத அந்தப் பட்டை கம்பி வரை போயிருந்தால், இன்று பொக்காகாத இடத்திலும் கம்பியைக் காத்துவந்த காரம் தீர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். உப்பினால் வரும் துருவை இந்தச் சோதனை காட்டாது. கடற்கரை வீடுகளில் அதற்குத் தனியே மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் அடிப்பதற்கு முன் இதைச் செய்யாத வீடுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இப்படிப் பார்த்த பிறகும் கொத்தும்போது அளவு கூடலாம். அதனால் இந்த வேலைக்குப் பட்டியலில் தொகையை நிர்ணயிக்காமல் விலையை மட்டும் நிர்ணயிக்க வேண்டும்: பொக்கான கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியின் பின்புறத்துக்கும் கலவை போகும்படி இடைவெளி விட்டு, துருவைத் துலக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர, சதுர அடிக்கு இவ்வளவு, கம்பி அதிகமாகத் தேய்ந்திருந்தால் கூடுதல் கம்பிக்குக் கிலோவுக்கு இவ்வளவு. அளவு 100 சதுர அடியிலிருந்து 150 ஆனாலும் விலையில் தகராறு வராது. அளந்து பெருக்கினால் போதும். மறைந்திருக்கும் வேலைகளுக்கு வேலைவாரி முறையே உயர்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

கூலிக்கு மட்டும் ஆள் வைப்பது

சிமெண்ட், எம்-சாண்ட், டைல்ஸ், குழாய் எல்லாவற்றையும் நாமே வாங்கி, லேபர் கான்ட்ராக்டாகவோ நாள்கூலியாகவோ வேலை வாங்கும் முறையில் கான்ட்ராக்ட்காரரின் லாபம் மிச்சமாகும். பொருளின் தரம் நம் கையில் இருக்கும். வீட்டில் ஒருவர் நாள் முழுதும் நிற்க முடிந்தால், கடைக்காரரிடம் கடனும் பழக்கமும் இருந்தால், இது நல்ல வழி. அப்படி நிற்க முடியாதவர்களுக்குப் பொருள் வந்து சேராததால் நான்கு ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு காலைப்பொழுதே மிச்சத்தைத் தின்றுவிடும். இந்த முறையில் யாருடைய எஸ்டிமேட்டிலும் வராத ஒரு செலவு, வேலைகளை வரிசைப்படுத்தும் பொறுப்பு: எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டி பைப் பதிக்கும் முன் பூச்சுக்காரர் வந்துவிட்டால், பூசிய சுவரை மறுபடி வெட்ட வேண்டும்.

ஒரு சிறிய வேலைக்கு மட்டும் நாள்கூலி மற்ற எல்லா முறைகளையும்விடச் சிறந்தது. அது, முழு வேலையும் தொடங்குவதற்கு முன் நடக்கும் திறந்து பார்க்கும் வேலை. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு பிளம்பரை இரண்டு மூன்று நாளுக்கு வைத்து, ஒரு குளியலறையில் சுவரை வெட்டிக் குழாயைப் பார்ப்பது, மாடியில் ஓரிடத்தில் தட்டோட்டைப் பெயர்த்து அடியிலுள்ள சுண்ணாம்பு ஜல்லி ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பது, சுவிட்ச் போர்டுகளைக் கழற்றி எர்த் ஒயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்காகும் கூலி மொத்தச் செலவில் ஒரு சிறு துளி.

எதை எதற்கு வைப்பது

ஆகவே நான் பரிந்துரைப்பது கலப்பு முறையை. நாள்கூலியில் திறந்து பார்த்த பின், பொறியாளரின் அளவுப் பட்டியலைத் தயாரித்து, தளம், குழாய், ஒயரிங், நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவற்றை வேலைவாரி விலைக்கும், ஜன்னல், கிச்சன், பெயிண்ட் ஆகியவற்றை மொத்தத் தொகைக்கும் கொடுப்பது. டைல்ஸையும் குளியலறைச் சாதனங்களையும் நாமே வாங்குவது நல்லது, ஏனென்றால் ரசனையும் விலையும் அதிகம் மோதும் இடம் அது.

எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கும் தொகையையும் இதே போல் பிரிக்க வேண்டும். புதுக் கட்டடங்களுக்கு 3 முதல் 5 விழுக்காடு ஒதுக்குவது வழக்கம். பழைய வீட்டுக்குப் பலர் மொத்தமாக 10 விழுக்காடு என்று போட்டுவிடுகிறார்கள். 20 லட்ச ரூபாய் வேலையில் மறைந்த வேலை 8 லட்சம், தெரியும் வேலை 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மறைந்ததற்கு 30 விழுக்காடு என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம், தெரிவதற்கு 5 விழுக்காடு என்றால் 60 ஆயிரம், ஆக 3 லட்சம். பொத்தாம்பொதுவான 10 விழுக்காட்டில் 2 லட்சம்தான் கிடைக்கும். மறைந்த வேலைகளை முதலில் முடித்துவிட்டால் அந்த 2 லட்சத்து 40 ஆயிரத்தில் எவ்வளவு தப்பியது என்பது பாதி வேலைக்கு முன்பே தெரிந்துவிடும்; கிச்சனுக்குக் குவார்ட்ஸா கிரானைட்டா என்று அப்போது முடிவு செய்துகொள்ளலாம். கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தளத்தைக் கொத்தத் தொடங்குபவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

வீட்டைவிட்டு வெளியே தங்கும் வாடகையும் இரண்டு முறை சாமான் ஏற்றி இறக்கும் செலவும் எந்த எஸ்டிமேட்டிலும் வருவதில்லை. அவற்றை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். மூன்று மாதம் என்று சொன்னால் நான்கு என்று போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடி வேலை நடக்காது, தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் சொன்ன தேதியில் திரும்புவதில்லை. வரவுப் பக்கத்திலும் ஒரு வரி உண்டு: பழைய தேக்குக் கதவு, நிலை, ஜன்னல் கம்பி, பித்தளைக் குழாய் ஆகியவற்றைப் பழைய மரக்கடைக்கும் காயலான் கடைக்கும் தனித்தனியே விலை பேசிக் கொடுத்தால் உடைப்புக் கூலியில் ஒரு பங்காவது திரும்பும். "நாங்களே எடுத்துக்கிறோம்" என்று உடைக்க வருபவர்கள் தாராளமாகச் சொல்வது அந்தத் தேக்கைப் பார்த்த பிறகுதான்.

திறந்து பார்த்ததும் மராமத்துத் தொகை புது வீட்டுத் தொகையின் பாதியைத் தாண்டினால், இடித்துவிட்டுக் கட்டிவிடலாம் என்ற ஆலோசனை உடனே வரும். பாதி என்ற கோடு ஒரு வழக்கமே தவிர, அதற்கு வேறு அடிப்படை இல்லை. தூண்களிலும் உத்திரங்களிலும் துரு ஏறியிருந்தால் பாதிக்குக் குறைவாக இருந்தாலும் இடிப்பதே சரியாகலாம். தளமும் உத்திரமும் நன்றாக இருந்து, செலவெல்லாம் குளியலறையிலும் தரையிலும் இருந்தால், பாதியைத் தாண்டினாலும் புதுப்பிக்கலாம். ஆனால் இந்த ஒப்பீட்டில் ரூபாயில் எழுதப்படாத ஓர் இழப்பு இருக்கிறது. பழைய வீடு, கட்டிய காலத்து விதிப்படியோ விதியைக் கொஞ்சம் மீறியோ, மனையின் எல்லையை ஒட்டி நின்றிருக்கும். அதை இடித்த பிறகு எழும் கட்டடம் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி மனையின் எல்லையிலிருந்து அவை கேட்கும் இடத்தை விட்டு, வண்டி நிறுத்தத் தேவையான இடத்தையும் ஒதுக்கித்தான் வர வேண்டும். அகலம் குறைந்த மனையில் இப்போதுள்ள கூடத்தின் ஒரு பகுதியே அதில் காணாமல் போகக்கூடும். எனவே இடிப்பதா புதுப்பிப்பதா என்று தொகைகளை ஒப்பிடுவதற்கு முன், இன்றைய விதிப்படி அந்த மனையில் தரைத்தளம் எவ்வளவு வரும் என்று பொறியாளரிடம் ஒரு கோட்டு வரைபடம் போட்டு வாங்கி, இருக்கும் வீட்டின் வரைபடத்தின்மேல் அதை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.